வெள்ளிக்கிழமை மட்டும் மிஸ் அடிக்கும் வண்டி

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள் தம்பி. தப்பாக நினைக்க வேண்டாம். முன்னால் மூன்றாவது சீட்டில் ஒரு பச்சைச் சேலை தெரிகிறதா, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு? அது என் வீட்டுக்காரி. அந்தத் தலை என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். உறங்கினால் உறங்கட்டும். சரிந்தால்தான் நான் எழுந்து ஓட வேண்டும்.

உலகம்மாள் என்று பெயர். கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வெள்ளியும், தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டிவர வேண்டும். கார்த்திகை மாசத்திலிருந்து எங்களுக்கு இதுதான் பிழைப்பு.

இப்படிப்பட்ட மனுஷியை எதற்கு பஸ்ஸில் போட்டு இழுக்கிறாய் என்று நீங்கள் மனசுக்குள் கேட்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள். கார் இருக்கிறது தம்பி. சொந்தக் கார். வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. தொண்ணூற்று இரண்டாம் வருஷத்து பெட்ரோல் வண்டி, பழசுதான், ஆனால் பின் சீட்டில் அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வருவாள். குலுக்கல் கிடையாது. அந்தக் காரை விட்டுவிட்டு மூன்று வாரமாக பஸ்ஸில் வருகிறோம் என்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. கதை என்ன கதை, வயிற்றெரிச்சல்.

ஆலங்குளம் வருவதற்குள் சொல்லிவிடுவேன். இல்லையென்றால் நீங்கள் உறங்குவதானாலும் உறங்குங்கள்.

மீரான் என்று ஒருத்தன். செங்கோட்டை ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். நானும் அவனும் ஐந்தாம் கிளாஸிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் என்னை மாப்ளே என்பான், நான் அவனை மச்சான் என்பேன், உலகம்மாள் அவனுக்குத் தங்கச்சி. எங்கள் ஊரில் இப்படித்தான், மதம் வேறு முறை ஒன்று. அந்தக் கார் என்னிடம் இருபது வருஷமாக இருக்கிறது, இருபது வருஷமும் அவன் கையைத் தவிர வேறு கை அதன் பானட்டுக்குள் போனது கிடையாது. அப்படி இருந்தவனைப் பற்றித்தான் இப்போது உங்களிடம் குறை சொல்லிக்கொண்டு வருகிறேன். என்ன செய்ய.

முதல் தடவை இவளைக் கூட்டிப்போனது ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்குப் பயம். ரத்தத்தை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடுவார்களாமே, நடுவில் கரண்டு போனால் என்ன ஆகும் என்று என்னைத்தான் கேட்கிறாள். நான் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்தவன், கரண்டுக்கு நான் பொறுப்பு என்று அவள் எண்ணம். கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீறு வீட்டில் இருந்தது. அவள் நெற்றியில் பூசினேன். மனசு ஆறவில்லை. வெளியே வந்து பானட்டைத் திறந்து எஞ்சினுக்கும் ஒரு கீற்று வைத்தேன்.

எஞ்சினில் எங்கே என்று கேளுங்கள். அதில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று இருக்கும். நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துக் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு மூடி. மூடியின் நடுவில் ஒரு முனை எழும்பி நிற்கும், சுற்றி நாலு முனை. கோபுரத்துக் கலசம் மாதிரியே இருக்கும். வேறு எங்கே வைக்கத் தோன்றும் சொல்லுங்கள்? அங்கேதான் வைத்தேன்.

அன்றைக்கு நல்லபடியாகத் திரும்பி வந்தோம். வந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஒரு மாசத்துக்கப்புறம் அவள் இட்லி சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறினதில்லை. குளித்து ஈரத்துண்டோடு வந்து முதல் வேலை அதுதான்.

தை மாசம் மிஷினில் இருக்கும்போதே அவளுக்கு பிரஷர் இறங்கிக் கண் செருகிவிட்டது. நர்ஸுகள் ஓடுகிறார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போது ஒரு நேர்த்தி வைத்தேன் தம்பி. இனிமேல் ஒப்புக்கு ஒரு கீற்று இல்லை, அபிஷேகத் தண்ணீரில் திருநீற்றைக் குழைத்து, ஒரு சிட்டிகை சந்தனமும் சேர்த்து, கலசம் ஐந்தையும் சேர்த்து மூன்று பட்டை முழுசாகப் போடுகிறேன், இவளை மட்டும் எழுப்பிக் கொடு என்றேன். கண்ணை முழித்துவிட்டாள். சாமி எழுப்பிக் கொடுத்துவிட்டது. அதனால் அந்தப் பட்டையில் நான் விளையாட முடியாது. அது வண்டிக்குப் போட்ட பட்டை இல்லை, அவளுக்குப் போட்டது.

பார்த்தீர்களா, மனுஷனுக்கு ஒரு பக்கம் திறந்தால் ஒரு பக்கம் அடைக்கிறது. அதே தை மாசம்தான் வண்டிக்குக் கெட்ட நேரம் பிடித்தது.

பாவூர்சத்திரம் தாண்டியதும் ஆரம்பிக்கும். விக்கல் மாதிரி. ஒரு விக்கல், கொஞ்ச தூரம் சும்மா, திரும்ப இரண்டு விக்கல். அப்புறம் இழுவையே இருக்காது. மிதிக்க மிதிக்க முக்கும். மிஸ் அடிக்கிறது என்பார்கள் மெக்கானிக்குகள். நாலு சிலிண்டரில் ஒன்றோ இரண்டோ வேலை செய்யாமல் சும்மா இருக்கும், மற்றது அதையும் சேர்த்துச் சுமக்கும். பின்னால் படுத்திருக்கிறவள் ஒவ்வொரு விக்கலுக்கும் 'முருகா' என்பாள்.

பத்து மணிக்கு எங்களுக்கு மிஷின். ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் பொறுப்பார்கள். நாற்பது நிமிஷம் பிந்தினால் பொறுக்க மாட்டார்கள், பின்னால் ஆள் இருக்கிறதே. நாலு மணி நேரம் ஓட வேண்டியதை மூன்றாகக் குறைத்துவிடுவார்கள். குறைத்தால் மறுநாளே காலில் தெரியும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அந்தக் குழியைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டாம்.

மீரானிடம் கொண்டுபோனேன். அவனுக்கு ஒரு பழக்கம், பானட்டைத் திறந்ததும் முதலில் ஒரு பழைய பனியன் துணியால் எல்லாவற்றையும் துடைப்பான். மேலே கீழே, ஒயர், மூடி, ஒன்று விடாமல். துடைத்து முடித்துத்தான் ஸ்பேனரையே எடுப்பான். எஞ்சினை ஓடவிட்டு பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டான். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது என்று கணக்கு. நாலில் எதைக் கழற்றினாலும் சத்தம் மாறியது. நாலும் வேலை செய்கிறது. தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது வண்டி.

"மாப்ளே, வண்டியில ஒண்ணுமில்லையே" என்றான்.

திங்கட்கிழமை போனோம், ஒரு விக்கல் கிடையாது. வெள்ளிக்கிழமை போனோம், ஊர் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டது.

பிளக் நாலையும் மாற்றினான். அடுத்த வெள்ளி மிஸ் அடித்தது. ஒயர் மாற்றினான். அடித்தது. பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவினான். அடித்தது. ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் வைத்துப் பார்த்தால் சாதுவாக ஓடுகிறது. மூன்று நாலு நாள் நன்றாக ஓடும். திங்கள் நன்றாக ஓடும். வெள்ளி வந்தால் தொலைந்தது. வண்டிக்கு எப்படித் தம்பி கிழமை தெரியும்?

நானும் விடவில்லை. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு. நாம் பிந்திப் பிந்தி அதற்குள் நுழைகிறோமோ என்று ஏழு மணிக்கே கிளம்பிப் பார்த்தேன். ஏழு மணிக்கு இன்னும் மோசம். மூடியில் போட்ட பட்டைகூட உலர்ந்திருக்காது, அவ்வளவு சீக்கிரம் கிளம்பியும் மோசம்.

ஒருநாள் மீரான் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்து விசாரித்தான், டாக்டர் விசாரிக்கிற மாதிரி. காலையில் மட்டுமா, மழையிலா, வண்டி கழுவினாலா என்று. கடைசியில் கேட்டான், "மாப்ளே, வெள்ளிக்கிழமை வீட்ல வச்சு வண்டிக்கு என்னமும் செய்யுதீரா?"

ஒன்றும் செய்யவில்லையே என்றேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்ப்பேன், ஆயில் பார்ப்பேன். வேறென்ன செய்யப் போகிறேன்?

"அப்படின்னா இந்த வெள்ளி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா இங்க வாரும்" என்றான்.

போனேன். உலகம்மாளை வீட்டில் இறக்கிவிட்டு, முக்கி முக்கி ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு அவன் துணியை எடுக்கவில்லை. எதையும் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு ஒரு பெரிய தார்ப்பாயை பானட்டுக்கு மேலே மூடி, தானும் அதற்குள்ளே புகுந்துகொண்டான். பட்டப்பகலில் தார்ப்பாய்க்குள்ளே என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். இருட்டில்தான் கரண்டு கசிவது தெரியும் என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தான். அது வாஸ்தவம். எனக்குத் தெரியாததா? மார்கழிப் பனியில் கம்பத்தைப் பார்த்தால் தெரியும். கம்பியைத் தாங்குகிற பீங்கான் கிண்ணத்தில் புழுதி படிந்திருக்கும், உப்புப் படிந்திருக்கும், அதன் மேல் ஈரம் பட்டால் போதும், நீலமாக ஊர்ந்து ஊர்ந்து இறங்கும் கரண்டு. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. ஏறித் துடைத்துவிட்டால் நின்றுவிடும். எத்தனை கிண்ணம் துடைத்திருப்பேன் நான்.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. எஞ்சினை அணைத்தான். என்ன மச்சான் தெரிந்தது என்றேன். என் முகத்தைப் பார்க்கிறான். முகத்தை என்றால் நெற்றியைப் பார்க்கிறான். நான் வேர்வை ஏதும் வழிகிறதோ என்று துடைத்துக்கொண்டேன்.

"மூடியில ஈரம் படாம பாத்துக்கிடும் மாப்ளே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் ஏன் அதில் தண்ணீர் ஊற்றப் போகிறேன்?

அடுத்த நாள் லாரி டியூபை வெட்டி, அந்த மூடிக்கு அளவாக ஒரு ரப்பர் தொப்பி தைத்து மாட்டிவிட்டான். நல்ல வேலைப்பாடு. வெள்ளிக்கிழமை அதைக் கழற்றி, பட்டையைப் போட்டு, ஈரம் படாமல் இருக்கட்டும் என்று திரும்ப இறுக்கி மாட்டிவிட்டுப் போனேன். பாதி வழிகூட இழுக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் செய்ததைக் கேளுங்கள். ஒருநாள் டேஷ்போர்டில் ஒட்டுகிற சின்னப் பிள்ளையார் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து தருகிறான். மீரான், எனக்கு! "சந்தனம் திருநீறு எல்லாம் இவருக்கு வச்சா போதும் மாப்ளே. முன்னால இருந்து வழி பாத்துக்கிடுவாரு" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்த ஊரில் நடக்கும் இது? தெருவில் பத்துப் பேரிடம் சொன்னேன். அன்றிலிருந்து பிள்ளையாருக்கும் வைத்தேன், மூடிக்கும் வைத்தேன்.

அவன் வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அப்படிப்பட்டவன்தான் அந்த வேலையைச் செய்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதோ, இப்போது தாண்டினோமே, அந்தப் புளியமரம், அங்கேதான். மாசிக் கடைசி வெள்ளி. வண்டி அடியோடு நின்றுவிட்டது. எட்டரை மணி. வெயில் ஏறுகிறது. இவள் மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. கையைக் காட்டினால் ஒரு பஸ் நிற்கவில்லை. நான் மீரானுக்கு போன் போட்டேன். பைக்கில் பறந்து வந்தான். வந்தவன் என்னைப் பார்க்கவில்லை, தங்கச்சியைப் பார்த்தான், நேரே பானட்டைத் திறந்தான். ரப்பர் தொப்பியைப் பிடுங்கினான். துணியை எடுத்து, என் கண் முன்னாலேயே, மூன்று பட்டையையும் ஒரு தேய்ப்பில் துடைத்தான். இண்டு இடுக்கு விடாமல் துடைத்தான்.

"மச்சான், அது அவளுக்குப் போட்டது" என்றேன்.

"தெரியும்" என்றான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

எனக்கு என்ன வந்ததோ. நாற்பத்தெட்டு வருஷத்தில் பேசாத பேச்சைப் பேசினேன். "எங்க சாமி உமக்கு அழுக்காத் தெரியுதோ?" என்று கேட்டுவிட்டேன்.

கை நின்றுவிட்டது அவனுக்கு. அந்தத் துணியைக் கீழே போடாமல், திருநீறு உள்ளே இருக்கும்படி நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கிரீஸ் துணியை யாராவது சட்டைப் பையில் வைப்பானா? செய்த காரியத்தை ஒளிக்கிறான். சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அவ்வளவு நேரம் நின்றதில் சூடு தணிந்திருக்கும், அதனால் பிடித்தது. அது தெரியாமல் இவள், 'ஓடுதுல்லா, ஏறுங்க, அண்ணன்கிட்ட சண்டை போடாதீங்க' என்கிறாள்.

அன்றைக்கு மிஸ் அடிக்கவில்லை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்து என்ன? மிஷினில் படுத்திருக்கிற நாலு மணி நேரமும் நான் வெளியே உட்கார்ந்து, பட்டை இல்லாமல் வந்திருக்கிறோமே, பட்டை இல்லாமல் வந்திருக்கிறோமே என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அதோடு ஷெட்டுக்குப் போவதை விட்டேன். துடைத்த தோஷம் போகட்டும் என்று வெள்ளி மட்டுமில்லாமல் தினமும் குழைத்துப் போட ஆரம்பித்தேன். வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. புறவழிச் சாலையில் ஒரு புது ஷெட்காரனைக் கூட்டிவந்தேன். அவன் கம்ப்யூட்டரைச் சொருக இதில் இடமே இல்லை, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பஸ்தான். மூன்று வாரம். பஸ்ஸில் வந்தால் எப்படியும் அரை மணி நேரம் பிந்துகிறது. எடை கூடிக்கொண்டே போகிறது, அவ்வளவும் தண்ணீர். போன திங்களன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறினால் அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது என்றார். வேறு யாரைக் கேட்பேன்?

நேற்று நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் மீரான் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனானாம். எதிர்வீட்டில் சொன்னார்கள். என்ன சொன்னான் என்று இவளைக் கேட்டால், சும்மா பார்க்க வந்தார்கள் என்கிறாள். சும்மா பார்க்க வந்தவன் வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுவானா?

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பின்கட்டில் குளித்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் சத்தம் கேட்கிறது. ஈரத்துண்டோடு ஓடிவந்தேன். இவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பானட் திறந்து கிடக்கிறது. முந்தானை முழுக்க வெள்ளையும் கறுப்புமாக அழுக்கு. வண்டி ஓடுகிறது தம்பி. ஒரு விக்கல் இல்லை. பழைய தையல் மிஷின் சத்தம். இவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ஐந்து மாசம் ஆகிறது.

சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றேன். ஓடிப்போய் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக் குழைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னிக்கு வேண்டாம். என் நெத்தியில வைங்க, போதும்" என்றாள்.

உன் நெற்றியில் வைத்தால் உனக்கு மட்டும்தான், வண்டியில் வைத்தால் போகிற வழி பூராவுக்கும் என்றேன். சரியாகத்தானே சொன்னேன்?

"நான் கேக்கேன்லா. எனக்காக, ஒரே ஒரு நாள்" என்றாள்.

உனக்காகத்தானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போட்டேன். முதல் பட்டையிலேயே விரலைச் சுரீரென்று இழுத்தது. கரண்டு எனக்குப் புதுசா, கையை எடுக்கவில்லை, சக்தி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது பட்டையில் வண்டி இருமியது. மூன்றாவது பட்டையில் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது தம்பி. என் கண் முன்னால். மூன்று பட்டையும் பளிச்சென்று இருக்கிறது, வண்டி நின்றுவிட்டது. நான் இதற்கு மேல் என்ன செய்ய?

அவள் இரண்டு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை, அழவில்லை. மெதுவாக இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். நடந்து வரும்போது ஒரு வார்த்தைதான். மீரான் அண்ணனிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள், அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்டுப் பாருங்கள் என்றாள். அவன் கை இனிமேல் அந்த வண்டியில் படக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதோ, பஸ் ஏறினதிலிருந்து அந்த ஜன்னல் கம்பியில்தான் தலை.

நீங்கள் படித்தவர் மாதிரி தெரிகிறது. என்னவோ சொல்ல வாயெடுத்தீர்கள், இரண்டு மூன்று தடவை வாயெடுத்தீர்கள், நான்தான் பேசிக்கொண்டே போய்விட்டேன். சொல்லுங்கள். என்ன கோளாறாக இருக்கும்?

ஏன் தம்பி, என் கையையே பார்க்கிறீர்கள்? திருநீறுதான். காலையில் குழைத்தது, நகக்கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் கொஞ்சம் வேண்டுமா, பையில் பொட்டலம் இருக்கிறது...

இருங்கள், அவள் தலை சரிகிறது.